முறையீட்டு வாதம்

ரெம்பியா,
12 பிப்ரவரி 2024

தம்பி குலத்துக்கு,

இவ்விடம் யாவரும் நலம் என்று தொடங்குவது முறை. யாவரையும் பற்றி எனக்குத் தெரியாது. என் இடுப்பெலும்பு பொருந்திவிட்டது; பசிக்கிறது; கோபமும் வருகிறது. இவற்றை நலத்தின் அறிகுறிகளாகக் கொள். உன் இரத்த அழுத்தம் எப்படி? நிர்மலா மச்சாளின் முழங்கால் தேவலையா?

குளியலறையில் விழுந்த என்னை மருத்துவமனையிலிருந்து நேரே இந்த முதியோர் இல்லத்துக்குக் கொண்டுவந்தபோது, "நடக்கும்வரைதான், அக்கா" என்றாய். நடக்கிறேன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு உணவுக்கூடம்வரை போய்வருகிறேன். ஆகவே நேற்று மேலாளர் சாமிக்கண்ணுவிடம், வீட்டுக்குப் போக வேண்டும் என்றேன். அவர் மரியாதை தெரிந்தவர். "தாராளமா போங்க டீச்சர். சேர்த்துவிட்டவங்க வந்து ஒரு சைன் போட்டா போதும் லா" என்றார். நான் சென்னையில் தத்துவம் படித்தவள், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாததால் முப்பது ஆண்டு பூகோளம் கற்பித்தவள், என் கையெழுத்து ஏன் செல்லாது என்று கேட்டேன். அவர் சிரித்தார். பக்கத்துக் கட்டில் இருசம்மாள்தான் விளக்கம் தந்தாள்: "நாமெல்லாம் பார்சல் டீச்சர். அனுப்புனவங்கதான் திரும்ப எடுக்க முடியும்."

வாசலில் பூட்டு. அதற்கப்பால் நாலா பக்கமும் செம்பனைத் தோட்டம். என் வீட்டுச் சாவி உன்னிடம். காது மந்தமானபின் தொலைபேசியில் எனக்குக் கேட்பதெல்லாம் இரைச்சல், அதனால்தான் எழுதுகிறேன். அலோர் காஜாவிலிருந்து இங்கு வர அரைமணி நேரம்கூட ஆகாது. வந்து கையெழுத்திடு.

மறுமொழியைவிடக் காரையே எதிர்பார்க்கும்
அக்கா சந்திராதேவி

—

அலோர் காஜா,
3 மார்ச் 2024

அன்பும் மதிப்பும் மிக்க அக்காவுக்கு,

இறைவன் அருளால் நாங்கள் சுகம். உங்கள் சுகமும் அவ்வாறே என்று உங்கள் எழுத்தின் காரத்திலிருந்து தெரிந்துகொண்டேன். நிர்மலாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது. ஆனாலும் வெள்ளிக்கிழமைப் பிரார்த்தனைக் குழுவுக்கு அவள் தவறுவதில்லை.

அவசரப்பட வேண்டாம் அக்கா. எழுபத்தெட்டு வயதில் உடைந்த எலும்பு மறுபடி சேருவது சின்ன விஷயமா? எந்த அணு எந்த இடத்தில் போய் ஒட்ட வேண்டும் என்று அந்த எலும்புக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நான் வேலை பார்த்த நில அலுவலகத்தில் ஓர் எல்லைக்கல் நடுவதற்கே வரைபடம் வேண்டும். வரைபடம் என்றால் வரைந்தவர் வேண்டும். உங்கள் உடம்புக்குள்ளேயே அவர் வேலை செய்துகொண்டிருக்கிறார். நீங்கள்தான் பார்க்க மறுக்கிறீர்கள். எல்லாம் ஒரு காரணத்தோடுதான் நடக்கிறது. நீங்கள் அங்கே இருப்பதும் அப்படியே.

மொறுமொறுப்பான பிலாக்காய்ப் பொரியல் ஒரு டப்பா அனுப்புகிறேன்.

என்றும் உங்கள் நலம் வேண்டும்
தம்பி குலம்

—

ரெம்பியா,
10 மார்ச் 2024

தம்பி குலத்துக்கு,

பொரியல் கிடைத்தது. இருசம்மாளுக்குப் பல் இல்லை, முழுவதும் எனக்கே. அந்த அளவில் இங்கு எல்லாம் நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும், குறிப்பாகக் காரோட்டும் அளவுக்கு.

எலும்பைப் பொருத்தியவரை நீ காட்டினாய். அந்த எலும்பை நனைந்த தரையில் ஒரே நொடியில் உடையும்படி வடிவமைத்தவர் யார்? அதே ஆள்தானே? ஒரு தச்சர் உட்கார்ந்ததும் முறியும் நாற்காலியைச் செய்துகொடுத்துவிட்டு, பிறகு பசை ஒட்டித் தந்தால் நீ அவரை மெச்சமாட்டாய். அடுத்த நாற்காலியை வேறொருவரிடம் வாங்குவாய். வரைபடத்தைக் கண்டு வரைந்தவரை ஊகிக்கலாம் என்றால், வரைபடத்தில் உள்ள பிழையைக் கண்டு அவருடைய திறமையையும் ஊகிக்கத்தான் வேண்டும். நல்லதை மட்டும் அவர் கணக்கில் எழுதுவது வாதமன்று; முகஸ்துதி.

நான் இங்கே இருப்பதற்குக் காரணம் உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்தக் காரணத்துக்கு அலோர் காஜாவில் ஒரு முகவரி இருக்கிறது. நாலு வாரமாக அது வரவில்லை.

வரும்வரை படிக்க ஏதாவது வேண்டும். கூடத்து அலமாரியில் இரண்டாம் தட்டில் உள்ள என் புத்தகங்களை அனுப்பு.

நடமாடிக்கொண்டிருக்கும்
அக்கா சந்திராதேவி

—

அலோர் காஜா,
16 ஏப்ரல் 2024

அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். சுகமாக இருக்கிறீர்களா? கைவிசேடக் காசு வாங்க உங்களிடம் வர முடியாமல் போனது எனக்கு வருத்தம். வீட்டில் வேலை மேல் வேலை.

நாற்காலிக் கதை நன்றாக இருந்தது. ஆனால் நீங்கள் கேள்வியிலிருந்து நழுவிவிட்டீர்கள். நல்ல பானையோ கோணல் பானையோ, குயவன் இல்லாமல் பானை இல்லை. தோன்றுவது எதுவும் தானாகத் தோன்றாது. அதற்கொரு காரணம், அந்தக் காரணத்துக்கு இன்னொரு காரணம் என்று பின்னோக்கிப் போய்க்கொண்டே இருக்க முடியாது. எங்கோ ஓரிடத்தில், தனக்கு முன்னே எதுவும் இல்லாத ஒருவரில் போய் நிற்கத்தான் வேண்டும். நீங்களே சொல்லுங்கள், எங்கே நிற்பீர்கள்?

கேட்ட புத்தகங்களைப் பெட்டியில் வைத்து அனுப்பியிருக்கிறேன். இல்லத்தில் மாலை பஜனைக்குப் போகிறீர்களாம், சாமிக்கண்ணு சொன்னார். மனம் நிறைந்தது.

தம்பி குலம்

—

ரெம்பியா,
28 ஏப்ரல் 2024

தம்பி குலத்துக்கு,

நலம். பஜனைக்கு நான் போகவில்லை. பஜனை என் கட்டிலுக்கு வருகிறது. ஒலிபெருக்கி அப்படி. காது மந்தம் என்பதற்காக முதன்முறையாக மகிழ்ந்தேன். உன் சுகத்தை எழுது.

பானைக்குக் குயவன் வேண்டும்; ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குயவன் களிமண்ணை உண்டாக்குவதில்லை, அவனுக்கும் ஒரு தாய் உண்டு, பானை விற்றபின் அவன் செத்தும் போகலாம். உன் உவமை அத்தனை தூரம் நடந்தால் உனக்குக் கிடைப்பது மண்ணுக்குக் கட்டுப்பட்ட, செத்துப்போயிருக்கக்கூடிய ஒரு கடவுள். எல்லாவற்றுக்கும் காரணம் வேண்டும் என்று தொடங்கிவிட்டு, காரணம் வேண்டாத ஒருவரில் முடிக்கிறாய். விதியைச் சொன்னவனே முதலில் மீறினால் அதற்குப் பெயர் சலுகை.

எனினும், கண்ட விளைவிலிருந்து காணாத காரணத்தை ஊகிக்கும் முறை பயனற்றதன்று. உன் பெட்டியை வைத்து அதைச் செய்துபார்த்தேன். சென்ற ஆண்டு இறுதியிலிருந்து பூட்டிக் கிடக்கும் வீட்டுப் புத்தகங்களில் தூசி இருக்க வேண்டும். இல்லை. யாரோ துடைக்கிறார்கள். நீ பிறந்தது முதல் எதையும் துடைத்ததில்லை. நிர்மலா மச்சாளுக்கு முழங்கால். நான் பொருள்வாரியாக அடுக்கியவை உயரவாரியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு நிலப்படத் தொகுதியில், போர்னியோவின் மேல், மாங்காய் ஊறுகாய்க் கறை. ஆகவே என் வீட்டில் கண்ணுக்குப் புலப்படாத ஒருவர் இருக்கிறார், துப்புரவானவர், புளிப்பில் ஆசை உள்ளவர்.

இருப்பை நிறுவிவிட்டேன். பெயரை நீதான் சொல்ல வேண்டும். யார் குலம்?

அக்கா

—

அலோர் காஜா,
7 ஜூலை 2024

அக்காவுக்கு,

சுகமா? இடையில் எழுத முடியவில்லை. மன்னிக்க வேண்டும்.

வாதத்தை ஒரு பக்கம் வையுங்கள். உண்மையைச் சொல்கிறேன். உங்களை அந்த வீட்டில் தனியே விட எனக்குப் பயமாக இருக்கிறது. விழுந்த அன்று எவ்வளவு நேரம் அந்த ஈரத் தரையில் கிடந்தீர்கள் என்று எனக்குத்தான் தெரியும். நான்தான் கதவை உடைத்தேன். தனியாக இருக்கும் மற்ற வயதானவர்களைப் பார்க்கிறேன். அவர்கள் தனியாக இல்லை. பேச்சுத்துணைக்கு ஒருவர் மேலே இருக்கிறார். உங்களுக்கு அதுவும் இல்லை. அப்படி ஒருவர் துணை இருக்கிறார் என்று நீங்கள் மனசார நம்புவதாகத் தெரிந்தால், நான் நாளைக்கே வந்து கையெழுத்துப் போடுவேன். சத்தியமாக.

தம்பி குலம்

—

ரெம்பியா,
15 ஜூலை 2024

அன்புள்ள தம்பி குலத்துக்கு,

நீயும் மச்சாளும் நலந்தானே? நீ இதுவரை அனுப்பிய வாதங்கள் தோற்றதற்குக் காரணம் அவை கட்டப்பட்ட விதம். ஆகவே நானே ஒன்று கட்டிப்பார்த்தேன்.

கடந்த சில மாதங்களாக நான் செய்துவருவது ஒன்றே: முறையிடுவது. மழை பெய்து நனைந்தால் அதை எவரும் அநியாயம் என்பதில்லை. ஆனால் இருசம்மாள், தன் மகன் தனக்கு முன்னே போனதை அநியாயம் என்கிறாள். அவள் சொல்வது வெறும் வருத்தமன்று; ஒரு தீர்ப்பு. தீர்ப்புக்கு அளவுகோல் வேண்டும். உலகில் நடப்பவற்றுள் ஒன்றாக அந்த அளவுகோல் இருக்க இயலாது. நடப்பவற்றை அளப்பதே அதுதான். மனிதர் வகுத்ததாகவும் இருக்க இயலாது; ஊரே கூடி நியாயம் என்று தீர்மானித்தாலும் அவளுக்கு நேர்ந்தது அநியாயமே. ஆகவே அது உலகுக்கும் மனிதருக்கும் அப்பாற்பட்டது. ஆனால் கோல் தானாக அளக்காது. இன்னாருக்கு இன்னது உரியது என்று அறிந்த, சொன்னால் கேட்கக்கூடிய, ஓர் அறிவு அதைப் பிடித்திருக்க வேண்டும். நீதிமன்றமே இல்லாத ஊரில் யாராவது மனு எழுதுவார்களா? நாமோ பிறந்தது முதல் மனு எழுதுகிறோம். ஆகவே நீதிமன்றம் உண்டு. அதில் அமர்ந்து கேட்பவரும் உண்டு. அவரை நீ கடவுள் என்கிறாய். நான் மறுக்கவில்லை.

எழுதுவதை உரக்கப் படிக்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. அறை முழுவதும் கேட்டிருக்கிறது. இருசம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். "யாரு டீச்சர் இது, நீங்களா?" என்றாள்.

சாமிக்கண்ணுவின் மேசையில் பேனா இருக்கிறது. நீ கொண்டுவர வேண்டியதில்லை.

அக்கா சந்திராதேவி

—

அலோர் காஜா,
28 ஜூலை 2024

என் அன்பு அக்காவுக்கு,

அழுதேன் அக்கா. நிர்மலாவும் அழுதாள். நலம் கேட்கக்கூட மறந்து இதை எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமைக் குழுவில் உங்கள் கடிதத்தை நின்றுகொண்டு படித்தேன். படித்தவர்கள், வேலையில் இருந்து ஓய்வுபெற்றவர்கள், ஒருவராலும் மறுத்துப் பேச முடியவில்லை. இத்தனை ஆண்டு சொற்பொழிவு கேட்டும் இப்படி ஒரு நிரூபணம் கேட்டதில்லை என்றார்கள். எல்லாரும் நகல் வாங்கிக்கொண்டார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அறுபது ஆண்டாக வராத ஒன்று அங்கே போன சில மாதத்தில் வந்திருக்கிறது. அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது. உங்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தபோது என் மனம் என்ன பாடுபட்டது என்று உங்களுக்குத் தெரியாது. செய்தது நானில்லை, என்னைக்கொண்டு செய்விக்கப்பட்டது என்று இன்றைக்குப் புரிகிறது. அங்கிருந்து உங்களைப் பிரிப்பது பாவம். கையெழுத்துப் போட என் கை வராது அக்கா. நீங்கள் கண்டதை விட்டுவிட்டு வர வேண்டாம்.

வீட்டைப் பற்றிய கவலையும் இனி வேண்டாம். அது நல்ல கைகளில் இருக்கிறது.

உங்களால் பெருமைப்படும்
தம்பி குலம்

—

ரெம்பியா,
11 ஆகஸ்ட் 2024

அலோர் காஜாவில் என் வீட்டில் வசிப்பவருக்கு,

நலமா என்று கேட்கும் அளவுக்கு உங்களை நான் அறியேன். இருப்பினும் நலமாயிருங்கள்.

என் சொந்த முகவரிக்கே நான் எழுதும் முதல் கடிதம் இது. நீங்கள் இல்லையென்றால் இது கதவடியில் கிடக்கும்; எனக்கு ஒரு தபால்தலை நட்டம். இருக்கிறீர்கள் என்றால், இதைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த வீட்டை நான் யாருக்கும் கொடுக்கவில்லை; விட்டுப்போகவும் இல்லை. ரெம்பியாவில் ஓர் இல்லத்தில் இருக்கிறேன். என் தம்பி குலம் கையெழுத்திட்டால்தான் வாசற்கதவு திறக்கும். நம்பிக்கையில்லாதவரை நான் தனியே இருக்கத் தகுதியற்றவள் என்றான். நம்புகிறேன் என்று எழுதினேன். நம்பிக்கை தந்த இடத்தை விட்டு வரக் கூடாது என்கிறான். இல்லை, நம்பவில்லை என்று இப்போது எழுதினால் பழையபடி தகுதியற்றவள் ஆவேன். எந்தச் சான்றாலும் அசைக்க முடியாத கொள்கையைப் பற்றி வகுப்பில் படித்திருக்கிறேன். அதற்குள் அடைபட்டு வாழ்ந்ததில்லை.

நீங்கள் யார்? என் தம்பிக்குத் தெரியாமல் எனக்கு எழுத முடியுமா?

வீட்டுக்காரி,
சந்திராதேவி

—

அலோர் காஜா,
1 செப்டம்பர் 2024

அன்புள்ள மாமிக்கு,

நான் தர்மினி. உங்கட தம்பியின் மகள். சுகமா இருக்கிறீங்களா என்று கேட்கவே வெட்கமா இருக்கு. என் தமிழ் எழுத்து மோசம், மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

உங்கட கடிதம் வந்தப்ப நான் ஹாஸ்பிட்டலில். பிள்ளை பிறந்து இரண்டு கிழமை ஆகுது, பெண்பிள்ளை. என் கணவர் யுவனேஸ்வரன் கடிதத்தை எடுத்து வெச்சிருந்து நேற்றுத்தான் தந்தார். அவருக்குச் சிங்கப்பூரில் வேலை போனதும் மார்ச்சில் இங்க வந்தோம். "மாமி இனி நடக்கமாட்டா, உங்களை இருக்கச் சொல்லிட்டா" என்றுதான் அப்பா சொன்னார். நான் நம்பினேன். சத்தியமா தெரியாது மாமி. ஊறுகாய்க் கறை நான்தான். சொறி மாமி.

நேற்றே அப்பாவோட சண்டை பிடிச்சேன். முதலில் கத்தினார். கடைசியில் சரி என்றார், ஆனா ஒரு விஷயம். பதினைந்தாம் தேதி முப்பத்தோராம் நாள், பிள்ளைக்குத் துடக்குக் கழிவு. அவருடைய குழு ஆட்கள் எல்லாரும் வருவினம். நீங்கள் வந்து அந்த நிரூபணத்தை உங்கட வாயால் சொல்ல வேணுமாம். அதுக்குப் பிறகு நீங்கள் இங்கேயே எங்களோட இருக்கலாம், வெள்ளிக்கிழமைக் கூட்டமும் இனி இங்கேதானாம். சாமிக்கண்ணு அங்கிளுக்குப் போன் பண்ணிட்டார். நான் வந்து சைன் போட்டால் போதும்.

மாமி, நான் அந்தக் கடிதத்தின் நகலைப் படிச்சேன். மனு எழுத ஆள் இருக்கு என்றதுக்காகக் கோர்ட் இருக்க வேணும் என்று இல்லையே? அது உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? அப்பாட்ட நான் சொல்லேல்லை. சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்ல வேண்டாம், பிளீஸ். உங்களை அங்கே விட்ட நாளில இருந்து அவர் சரியாச் சாப்பிட்டதில்லை என்று அம்மா சொல்றா. அந்தக் கடிதம் வந்த பிறகுதான் மனுஷனா இருக்கிறார். அது பொய் என்று தெரிஞ்சால் தாங்கமாட்டார். உங்களையும் திரும்ப அங்கேயே கொண்டுபோய் விட்டாலும் விடுவார்.

சனிக்கிழமை நான் வரட்டா? முப்பத்தொன்று கழியாமல் தீட்டோட வெளிக்கிடக் கூடாதாம். அம்மாட்டச் சொல்ல மாட்டேன்.

அன்புடன்
தர்மினி

—

ரெம்பியா,
5 செப்டம்பர் 2024

தர்மினிக்கு,

பிள்ளைக்குப் பால் போதுமா? உனக்கு உறக்கம் போதுமா? போர்னியோவைப் பற்றிக் கவலைப்படாதே. அது பெரிய தீவு.

ஓட்டை நீ சொன்ன இடத்தில்தான். நானே துளைத்தேன், நானே அதன்மேல் நீதிமன்றத்தைத் தூக்கிவைத்து மறைத்தேன். தாகம் எடுக்கிறது என்பதனால் தண்ணீர் இருந்தாக வேண்டும் என்பதில்லை. ஓய்வுபெற்ற அத்தனை பேர் நகலெடுத்துப் படித்தும் காணாததை, பிள்ளை பெற்றுக் கிடக்கும் பெண் கண்டிருக்கிறாள். அதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்டது மகிழ்ச்சி என்றே நினைக்கிறேன். பழக்கமில்லாததால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நீ கேட்டதை இரண்டு நாளாக எண்ணிப்பார்த்தேன். இங்கே எதை வேண்டுமானாலும் சொல்லலாம், எங்கும் போக முடியாது. அங்கே கதவு திறந்திருக்கும், ஒன்றை மட்டும் சொல்ல முடியாது. அந்த ஒன்றைத்தான் நான் வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்திருக்கிறேன். உன் அப்பாவும் நானும் வேறெதையும் பேசிக்கொண்டதில்லை. எங்கள் தகப்பனார் செத்த வீட்டில்கூட, அழத் தெரியாமல், ஆன்மா உண்டா இல்லையா என்று பின்கட்டில் நின்று சண்டை பிடித்தோம். அவன் கட்டுவான்; நான் இடிப்பேன்; மறுபடி கட்டிக்கொண்டு வருவான். அவன் சுகமாக இருக்கிறான் என்பதை நான் அறிந்துகொண்டது அப்படித்தான். இனி அவன் வெள்ளிதோறும் என் கூடத்தில், என் எதிரே அமர்ந்து, நான் சொன்னதையே எனக்குச் சொல்லுவான். நான் தலையசைப்பேன்.

வருகிறேன். அன்றைக்குப் பேசவும் செய்கிறேன். அரைகுறையாகச் சொல்லிக் கேட்பவர்கள் ஐயப்பட இடம்வைக்க மாட்டேன்; அது செய்த வேலைக்கு இழுக்கு. கேள்வி கேட்க மட்டும் யாரையும் விடாதே. கேட்டால் பழக்கதோஷத்தில் உண்மையைச் சொல்லிவிடுவேன்.

இருசம்மாளிடம் போவதாகச் சொன்னேன். "இன்னிக்கே பஜனையில வந்து உட்காருங்க டீச்சர், பழகிக்கணுமில்ல" என்றாள். போய் உட்கார்ந்தேன். கைதட்டுவது கடினமாக இல்லை.

சனிக்கிழமை காலையில் வா. காரின் முன்னிருக்கையைப் பின்னுக்குத் தள்ளிவை. இடுப்பு முழுதாக மடங்குவதில்லை. உன் அப்பா கூட வருகிறேன் என்பான். வேண்டாம் என்று சொல். எனக்கு உன்னிடம் சொல்ல நிறைய இருக்கிறது, வீட்டு வாசலைத் தொடும்வரைதான் சொல்லலாம். அரைமணி நேரம்கூட ஆகாத வழி.

மெதுவாக ஓட்டு.

மாமி
சந்திராதேவி